சாமி கேட்டது முடியை மட்டும்தான்!

மொட்டை போட்டுக்கொண்டு ஊர் திரும்பியவரைப் பார்த்தால் நம் ஆட்கள் முதலில் செய்கிற காரியம் என்ன? 'தரிசனம் நல்லபடியா ஆச்சா?' என்று கேட்பதற்கு முன்பே கை நீண்டுவிடும். உள்ளங்கையால் தலையை ஒரு தடவு தடவுவார்கள். கை வழுக்கிக்கொண்டு போனால், 'அட, என்னமா எடுத்திருக்காரு!' என்று முகம் தெரியாத அந்தத் தொழிலாளிக்குப் பாராட்டு கிடைக்கும். லேசாகச் சொரசொரத்தாலோ, 'அவசர அவசரமா பண்ணி அனுப்பிட்டாங்க போலிருக்கே' என்று உச்சுக் கொட்டுவார்கள்.

இந்த 'வழவழ' மோகத்தைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். வேண்டுதலுக்காக முடி இறக்குகிறவர்கள் மட்டும் அல்ல. முன்தலையில் வழுக்கை விழுந்த பிறகு, 'ஓரத்துல இருக்கிற நாலு முடி மட்டும் எதுக்கு?' என்று மொத்தத்தையும் மழித்துக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களும் இப்போது ஏராளம். நானும் அந்தக் கோஷ்டிதான். இரண்டு நாளைக்கு ஒருமுறை கண்ணாடி முன் நின்று என் தலையை நானே மழித்துக்கொள்கிற ஆசாமி. ஆகவே வழவழப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்காகத் தோலைக் கொடுக்க நான் தயாரில்லை. நீங்களும் கொடுக்கக் கூடாது. அதிலும் உங்கள் குழந்தையின் தோலைக் கொடுக்கவே கூடாது!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஒரு நாளைக்கு என்று பார்த்தால் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே மழித்தால் தோல் மட்டத்துக்கு ஒரு துளி மேலே முடி மிஞ்சி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். அதையும் விடாமல் எதிர்ப்பக்கமாக இழுத்து ஒட்ட எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கிற லாபம் என்ன? சில மணி நேர வழவழப்பு. மறுநாள் தடவிப் பார்த்தால் இரண்டு தலைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரி, நஷ்டம் என்ன? எதிர்ப்பக்கமாக இழுக்கும்போது பிளேடு முடியை வெட்டுவதற்கு முன் கொஞ்சம் மேலே இழுத்துவிடுகிறது. அந்த நிலையில் வெட்டுப்பட்ட முடி, பிறகு தோலுக்குள் பின்வாங்கிவிடும். நேர் முடிக்காரர்களுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. சுருட்டை முடி என்றால், உள்ளே போன முனை வெளியே வர வழி தெரியாமல் தோலையே குத்திக்கொண்டு வளர ஆரம்பிக்கும். சவரம் பண்ணி இரண்டு மூன்று நாளில் சிவப்பு சிவப்பாகக் குரு கிளம்புகிறதே, அதில் பாதிக் கதை இதுதான். இரண்டு மூன்று பிளேடுகளை அடுக்கிய ரேஸர்களும் முதல் பிளேடு இழுக்க, அடுத்தது வெட்ட என்ற இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. விளம்பரத்தில் அதையே பெருமையாகச் சொல்கிறார்கள்!

முடி மட்டுமா வெட்டுப்படுகிறது? கூடவே தோலின் மேல் ஏடும் சுரண்டப்படுகிறது. ரத்தம் வந்தால்தான் காயம் என்று நினைக்கிறோம். ரத்தம் வராத கீறல்கள் எத்தனையோ உண்டு. தலைக்குக் குளித்ததும் 'சுரீர்' என்று எரிகிறதே, அது அந்தக் கீறல்கள் பேசுகிற பாஷை.

இதை ஆபரேஷன் தியேட்டர்காரர்கள் நம்மைவிட முன்பே புரிந்துகொண்டார்கள். அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரியே கத்தியோடு ஒருவர் வார்டுக்கு வந்துவிடுவார். வயிற்றில் ஆபரேஷன் என்றால் மார்பிலிருந்து முட்டிவரை வழித்துவிட்டுப் போவார். சுத்தம் என்று நினைத்துச் செய்த ஏற்பாடுதான். ஆனால் 1971-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. ரேஸரால் மழிக்கப்பட்டவர்களில் 100-க்கு 5.6 பேருக்கு ஆபரேஷன் புண்ணில் சீழ் வைத்தது. கிரீம் போட்டு முடி நீக்கியவர்களிலும், முடியை எடுக்காமலே விட்டவர்களிலும் அது 0.6 பேர்தான். காரணம், ராத்திரி விழுந்த நுண்ணிய கீறல்களில் விடிவதற்குள் கிருமிகள் குடியேறிவிடுகின்றன. 2016-ல் உலக சுகாதார நிறுவனம், 'ஆபரேஷனுக்காக மழிக்கவே வேண்டாம், எடுத்தே தீர வேண்டும் என்றால் கிளிப்பர் போதும்' என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. ஸ்டெரிலைஸ் செய்த கருவிகளுக்கு நடுவே வேலை பார்க்கிற சர்ஜன்களே ஒட்டச் சவரத்தைக் கண்டு ஒதுங்குகிறார்கள். நாம் பிளாட்பார ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, 'இன்னும் கொஞ்சம் ஒட்ட எடுங்க அண்ணே' என்கிறோம்!

'அப்படின்னா சொரசொரன்னு திரிய வேண்டியதுதானா?' என்று கேட்காதீர்கள். தேவையே இல்லை. வழவழப்புக்கு முக்கால் பங்கு காரணம் பிளேடு அல்ல, தண்ணீர். காய்ந்த முடி விறைப்பாக நிற்கும். இரண்டு மூன்று நிமிஷம் தண்ணீரில் ஊறினால் உப்பி, மெத்தென்று ஆகி, பிளேடு பட்டதும் விட்டுக்கொடுக்கும். இந்த மூன்று நிமிஷத்தைத்தான் யாரும் தருவதில்லை. ஒரு கை தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தால் ஊறிவிட்டதாக அர்த்தமா? அது வெறும் நனைத்தல். எண்ணெய் வழிகிற தலையாக இருந்தால் அதுகூட இல்லை. தண்ணீர் முடியைத் தொடாமலே ஓடிவிடும். முந்தின ராத்திரி எண்ணெய் வைத்திருந்தால் காலையில் ஷாம்பூவோ சீயக்காயோ போட்டு அலசிவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

பிளேடு ஏன் மழுங்குகிறது தெரியுமா? பிளேடு எஃகு, முடியைவிடச் சுமார் 50 மடங்கு கடினமானது. ஆனாலும் முடியை வெட்டி வெட்டி எஃகுதான் தோற்கிறது. 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. விஞ்ஞானிகள் இதை மைக்ராஸ்கோப் வைத்துப் படம் பிடித்துக் காட்டினார்கள். பிளேடின் விளிம்பு தேய்ந்து போவதைவிட, முடி சாய்வாக வந்து மோதும்போது சின்னச் சின்னச் சில்லாக உடைகிறதாம். ஒரு தலையில் சுமாராக ஒரு லட்சம் முடி. அத்தனையையும் வெட்டி முடித்த பிளேடு, பார்வைக்குப் பளபளவென்று இருந்தாலும், விளிம்பில் பொக்கைவாய் விழுந்த பிளேடுதான். அதைக் கொண்டு, 'இந்த இடத்துல மட்டும் இன்னொரு வாட்டி' என்று அழுத்தும்போதுதான் வெட்டு விழுகிறது.

வீட்டில் நானே செய்துகொள்கிற முறையைக் கேட்டால் சொல்கிறேன், இதில் ரகசியம் எதுவும் இல்லை. மூன்று நான்கு நாள் முடி என்றால் முதலில் டிரிம்மரை ஓட்டிவிடுவேன். நீள முடியோடு ரேஸர் மல்லுக்கட்டக் கூடாது. அப்புறம் வெந்நீர்க் குளியல். குளியல் முடிந்த கையோடு ஷேவிங் கிரீமைக் குழைத்துப் பூசிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்பேன். எங்கள் வீட்டில், 'தலையில வெண்ணெய் வெச்ச கொக்கு மாதிரி நிக்கிறாரு' என்பார்கள், பரவாயில்லை. நெற்றியிலிருந்து பின்பக்கமாக, காதுக்கு மேலிருந்து கீழ்நோக்கி, ஒரு அங்குலம் இரண்டு அங்குலமாகச் சின்ன இழுப்புகள். ரேஸரின் எடையே போதும், கை அழுத்தக் கூடாது. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் அலசல். காதுக்குப் பின்னால் வரும்போது மடலை மடித்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக.

தலையில் முடி எல்லா இடத்திலும் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதில்லை. உச்சியில் சுழி இருக்கிறது அல்லவா? அங்கே முடி வட்டமாகச் சுற்றிக்கொண்டு போகும். ரெட்டைச் சுழிக்காரருக்கு ரெண்டு பொண்டாட்டி என்று கேலி பேசுவோமே, பொண்டாட்டி விஷயம் எப்படியோ, சவரத்தில் ரெட்டை வேலை என்பது நிச்சயம்! பிடரியிலும் சிலருக்குக் கீழ்நோக்கி, சிலருக்குப் பக்கவாட்டில் படிந்திருக்கும். கண்ணாடியில் தெரியாது. விரல் நுனியால் நான்கு பக்கமும் தடவிப் பார்த்தால், எந்தப் பக்கம் மெத்தென்று போகிறதோ அதுதான் முடியின் போக்கு.

ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி நுரை பூசி, குறுக்குவாட்டில் ஒருமுறை எடுத்தால் உள்ளங்கைக்கு வேண்டிய அளவு வழவழப்பு வந்துவிடும். அதற்கு மேல் எதிர் இழுப்பு வேண்டாம். வறண்ட தோலில் 'விட்டுப்போன ஒரே ஒரு இடம்' என்று வெறும் ரேஸரை வைப்பதும் வேண்டாம். வீட்டு ரேஸரானால் ஐந்து, ஆறு சவரத்துக்குப் பிறகு பிளேடை மாற்றிவிடலாம். ஈரத்தோடு பாத்ரூமிலேயே கிடந்தால் அதற்கும் முன்பே. முழுக்க ரேஸரையே தவிர்க்க நினைத்தால், இப்போது கிடைக்கிற எலெக்ட்ரிக் ஷேவர்கள் மோசமில்லை. வழவழப்பில் கொஞ்சம் குறையும். வெட்டு விழுவதிலும் நன்றாகவே குறையும்.

இதுவரை சொன்னது எரிச்சல், குரு, கீறல் சமாசாரம். இனி சொல்லப்போவது கல்லீரல் சமாசாரம்.

1986-ல் சென்னையில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, தொண்ணூறுகளில் ஊரெல்லாம் எய்ட்ஸ் பயம் பரவியது. சலூனில் உட்கார்ந்ததுமே, 'புது பிளேடு போடுப்பா' என்று சொல்கிற பழக்கம் அப்போதுதான் நமக்கு வந்தது. நல்ல பழக்கம். ஆனால் சவரக்கத்தி விஷயத்தில் எச்.ஐ.வி.யைவிடப் பெரிய வில்லன் வேறு ஒருவன். ஹெபடைடிஸ்-பி என்ற மஞ்சள் காமாலை வைரஸ். உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியில்கூடக் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். போன வெள்ளிக்கிழமை ஒருவர் தலையைக் கீறிய கத்தி, இந்த வியாழக்கிழமை உங்கள் தலைக்கு அதைக் கொண்டுவரலாம். இதனுடைய பங்காளியான ஹெபடைடிஸ்-சி-யும் ரத்தத்தின் வழியாகத்தான் பரவுகிறது. அதற்குத் தடுப்பூசி கிடையாது. மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலோருக்கு இப்போது குணமாகிவிடுகிறது என்பது ஆறுதல்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. ஹெபடைடிஸ்-பி பெரியவர்களைத் தொற்றினால் 100-க்கு 95 பேருக்கு மேல் தானாகவே விரட்டிவிடுவார்கள். ஒரு வயதுக்குள் தொற்றினாலோ, பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் நாலில் ஒன்று முதல் பாதிப் பேர் வரை. தங்கிய வைரஸ் இருபது முப்பது வருஷம் சத்தம் காட்டாமல் இருந்துவிட்டு, கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தலை காட்டும். நம் வழக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழந்தைக்கு முதல் மொட்டை எப்போது போடுகிறோம்? பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி!

பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு டோஸ், பிறகு 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய் தடுப்பூசியோடு சேர்த்து என்று ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது. தமிழ்நாட்டில் அந்த ஐந்து நோய் தடுப்பூசி 2011 டிசம்பரில் தொடங்கியது. குழந்தையின் அட்டையை எடுத்து, எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குலதெய்வம் கோயிலுக்கு நாள் குறிக்கலாம். ஜோசியரைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்த்தால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. பெரியவர்களில் பலர் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டதே இல்லை. ஆறு மாதத்தில் மூன்று ஊசி, டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, பிளேடைத்தான் மாற்றிவிடுகிறார்களே என்பீர்கள். மாற்றுகிறார்கள், சந்தோஷம். ஒரு பிளேடை நடுவில் ஒடித்து, ஆளுக்குப் பாதியாகக் கத்தியில் சொருகுகிறார்கள். உங்கள் கண் முன்னால் உறையைப் பிரித்து ஒடித்தால் பாதி பிளேடில் தப்பே கிடையாது. பிளேடு கடித்துப் பிடிக்கிற கத்தியின் இடுக்கு இருக்கிறதே, அங்கேதான் கவனிக்க வேண்டும். முந்தின தலையின் ரத்தமும் நுரையும் அந்த இடுக்கில் ஒளிந்திருக்கும். பிளேடு புதிது, கத்தி பழசு! ஒரு மக் தண்ணீரில் இரண்டு சொட்டு டெட்டால் விட்டு, அதில் கத்தியை முக்கி எடுப்பது மனத்திருப்திக்கு உதவும், வைரஸைக் கொல்ல உதவாது. ஒரே தண்ணீரில் பத்துத் தலைக்கு முக்கினால் அது கிருமி நாசினி அல்ல, கிருமி விருந்து. அடுத்தது படிகாரம். வெட்டு விழுந்த இடத்தில் தேய்த்தால் ரத்தம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே கட்டியை எத்தனை பேரின் ரத்தத்தில் தேய்த்திருக்கிறார்கள்? சுத்தமான துணியை இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்தாலே சின்ன வெட்டு நின்றுவிடும். அந்தப் பொதுப் படிகாரத்தை வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இப்படியெல்லாம் எழுதுவதால் முடி இறக்குகிற தொழிலாளிகளைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முகூர்த்த நாளில், தைப்பூசத்தில், பங்குனி உத்திரத்தில் அவர்கள் படுகிற பாட்டைப் பழனியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு, ஊறிப்போன விரல்களோடு, 'சீக்கிரம், சீக்கிரம்' என்று பின்னால் நிற்கிற கும்பலுக்கு நடுவே வேலை. கத்தி நழுவினால் வெட்டுப்படுவது பக்தர் தலை மட்டும் அல்ல, அவர் விரலும்தான். உங்களுக்கு ஒரு தலை. அவருக்கு ஒரு நாளில் எத்தனை தலை! ஆபத்து அதிகம் யாருக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2021 செப்டம்பரில் தமிழக அரசு, அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்று அறிவித்தது. தொழிலாளிகளுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றும் அறிவித்தார்கள். இரண்டுமே நல்ல காரியம். அதோடு இன்னும் மூன்று காரியம் செய்தால் கோடிப் புண்ணியம் என்பேன். ஒன்று, மொட்டை போடுகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் கோயில் செலவில் ஹெபடைடிஸ்-பி ஊசி. இன்னொன்று, ஆளுக்கு நாலைந்து கத்தி கொடுத்து, ஒன்று உபயோகத்தில் இருக்கும்போது மற்றவை முறைப்படி சுத்தமாகிக்கொண்டிருக்கிற ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் செய்வதுதான், ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. மூன்றாவது, மண்டப வாசலிலேயே வரிசையாகக் குழாய் வைத்து, 'தலையை மூன்று நிமிஷம் நனைத்துவிட்டு உள்ளே வரவும்' என்று ஒரு போர்டு. கூட்டம் எப்படியும் வரிசையில் நின்றுகொண்டுதானே இருக்கிறது? நிற்கிற நேரத்தில் முடி ஊறட்டுமே. தொழிலாளிக்கும் வேலை சுலபம். திருமலையில் கல்யாண கட்டாவில் டோக்கனோடு பிளேடையும் பக்தர் கையிலேயே கொடுத்து அனுப்புகிற வழக்கம் உண்டு. 'இது என் பிளேடு' என்று நாமே கொண்டுபோய்க் கொடுக்கும்போது யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை, யாரிடமும் சண்டையும் இல்லை. நம் ஊர்ச் சின்னக் கோயில்களுக்கும் இந்த முறை நன்றாகவே பொருந்தும்.

திரும்பக் குழந்தைக்கு வருகிறேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, 'மாமா, ஆடாம பிடிச்சுக்குங்க' என்று ஆரம்பிக்கிற அந்தப் பத்து நிமிஷமும் குழந்தை வீறிட்டு அழுது, தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதன் தோல் நம்முடையதைவிட மெல்லியது. உச்சிக்குழி பலருக்கு ஒன்றரை வயதில்தான் முழுதாக மூடுகிறது. சில குழந்தைகளுக்குத் தலையில் மஞ்சள் மஞ்சளாகச் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் பிளேடு பட்டால் செதிலோடு தோலும் வரும். நாலைந்து நாள் முன்பிருந்தே எண்ணெய் தடவி ஊறவைத்து, மெதுவாகக் கழுவி எடுத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டு வயதுக்குள் போடுகிற மொட்டைக்குப் பிளேடே வேண்டாம். சலூனில் 'ஜீரோ மெஷின்' என்கிறார்களே, அந்த டிரிம்மர் போதும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் முடி மிஞ்சும். சம்பிரதாயத்துக்கு முதல் கத்தி வைக்க வேண்டும் என்று பாட்டி அடம் பிடித்தால், ஒரே ஒரு கற்றையைக் கத்தியால் எடுத்துவிட்டு மிச்சத்துக்கு மெஷின் போடச் சொல்லுங்கள். பாட்டிக்கும் திருப்தி.

'மெஷின் போட்டா முடி அடர்த்தியா வளராதே! வழிச்சு எடுத்தாத்தானே நல்லா வரும்?' என்று ஒரு குரல் கேட்கும். வழித்தாலும் வராது! மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1928-லேயே மழித்த முடியை அளந்து பார்த்து, மழிப்பதால் வளர்ச்சியோ தடிமனோ கூடுவதில்லை என்று எழுதிவிட்டார். 1970-ல் வேறு ஆய்வாளர்கள், சிலருக்கு ஒரு காலை மட்டும் வாராவாரம் மழித்து, இன்னொரு காலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை. முடியின் அடர்த்தி தோலுக்கு அடியில் இருக்கிற வேரில் தீர்மானமாகிறது. மேலே வெட்டுகிற சேதி வேருக்குப் போய்ச் சேருவதே கிடையாது. மழித்த முடி தட்டையான முனையோடு வெளியே வருவதால் தடிமனாகத் தெரிகிறது, அவ்வளவுதான். குழந்தைக்கு முதல் முடி மெல்லிசு, அடுத்தது தானாகவே கெட்டியாக வருகிற வயசு. மொட்டைக்குப் பேர் கிடைத்துவிடுகிறது!

ஒட்டச் சவரம் பக்கமே போகக் கூடாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற இதய நோயாளிகள், சர்க்கரை கட்டுக்குள் வராதவர்கள், தலையில் சோரியாசிஸ், படர்தாமரை, சீழ்க்கட்டி உள்ளவர்கள். வேண்டுதல் இருந்தால் டிரிம்மரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதேபோல் பிடரியில் குரு குருவாக வந்து, தழும்பு தடித்துப்போகிறவர்கள் உண்டு. இவர்கள் ஒட்ட எடுக்க எடுக்க அது வளரும். தோல் டாக்டரிடம் காட்டாமல் வாராவாரம் சலூனில் கத்தியைக் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. முதல்முறை மொட்டை போடுகிறவர்கள், முந்தின நாள் விரலால் தலை முழுக்கத் தடவி மரு, மச்சம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்ததுமே, 'அண்ணே, இந்த இடத்துல ஒரு மரு இருக்கு' என்று தொட்டுக் காட்டிவிட்டால் நல்லது. முடிக்கு அடியில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மழித்த பிறகு சந்தனம் பூசுகிறோம். குளிர்ச்சிதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கல்லில் இழைத்த சந்தனம் என்றால் சரி. பாக்கெட்டில் விற்கிற மஞ்சள் பொடியில் வாசனையும் சாயமும் கலந்திருந்தால், கீறல் விழுந்த தலையில் அரிப்பைக் கிளப்பும். ரத்தம் கசிகிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் பூசலாம். டெட்டாலையோ ஆஃப்டர் ஷேவையோ அப்படியே தலையில் கவிழ்த்து, 'ஸ்ஸ்ஸ்' என்று துள்ளுவது வீரம் அல்ல, எரிச்சலை இரட்டிப்பாக்கும். குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒற்றித் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத மாய்ஸ்சரைஸரோ தடவினால் போதும். வருஷக்கணக்கில் முடிக்குள் நிழலில் இருந்த தோல், முதன்முதலாக வெயிலைப் பார்க்கிறது. பங்குனி வெயிலில் மலைப்படி ஏறி இறங்குவதற்குள் சிவந்து உரிந்துவிடும். துண்டையோ தொப்பியையோ மறக்காதீர்கள். நிரந்தர மொட்டைக்காரர்கள் வெளியே கிளம்பும்போது முகத்துக்குப் போடுகிற சன்ஸ்க்ரீனைத் தலைக்கும் போடுவது நல்லது.

கடைசியாக, கழற்றிய பிளேடை எங்கே போடுகிறீர்கள்? மொட்டை போடுகிற மண்டபத்தின் வாசலில் செருப்பில்லாமல்தான் எல்லோரும் நடக்கிறார்கள். வீட்டுக் குப்பையைத் தெருமுனையில் கையால் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு காலி பவுடர் டப்பாவின் மூடியில் பிளேடு நுழைகிற அளவுக்குக் கீறல் போட்டு வைத்திருக்கிறேன். நிரம்புவதற்கு இரண்டு வருஷம் ஆகிறது. நிரம்பியதும் டேப் சுற்றி, மேலே 'பிளேடு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, குப்பை வண்டிக்காரரின் கையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.